காப்பி – மருந்தா, விருந்தா?

(இளம் அறிவியல் – வேதியியல், மூன்றாம் ஆண்டு)

பொழுது புலர்ந்ததும் நம்மில் எத்தனை பேர் கதிரவனைக் காண்கிறோம்? நாம் முதலில் காண்பது காப்பி டம்ளரைத்தான்! பால் பொங்கும் ஓசை, அதைத் தொடர்ந்து டிகாக்ஷன் மணம். அந்த மணம் மூக்கைத் தொட்ட பின்பே நம் வீடுகளில் பலருக்குப் பேச்சு வருகிறது. "இன்னும் காப்பி குடிக்கவில்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அவருடைய எரிச்சலைக்கூட வீடே பொறுத்துக்கொள்கிறது. வீட்டுக்கு வந்தவருக்கு உணவு இல்லை என்றால் வருத்தம் இல்லை. காப்பி இல்லை என்றால்தான் மானம் போகிறது!

இப்படிப்பட்ட காப்பிக்கு அண்மைக்காலமாகப் புதிய புகழ்மாலை ஒன்று சூட்டப்படுகிறது. கைப்பேசியைத் திறந்தால், "நாளுக்கு நான்கு கோப்பை காப்பி குடியுங்கள், நீரிழிவு அண்டாது, ஈரல் காக்கப்படும், ஆயுள் நீளும்" என்று யாரோ ஒருவர் அனுப்பிய செய்தி காத்திருக்கிறது. நம் பெற்றோர் மாணவராயிருந்த காலத்தில் இதற்கு நேர்மாறாகச் சொன்னார்களாம். காப்பி பித்தம், காப்பி நரம்பைக் கெடுக்கும், காப்பி குடித்தால் நிறம் கறுக்கும் என்றெல்லாம்! நேற்று நஞ்சு, இன்று அமுதம். எதை நம்புவது?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் நம் கல்லூரியில் குருதிக்கொடை முகாம் நடந்தது நண்பர்களுக்கு நினைவிருக்கும். முதல் ஆளாகக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆவலில் வரிசையின் முன்னால் நின்றேன். விரல் நுனியில் ஊசி குத்திப் பார்த்தார்கள். குருதி கொடுக்க ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 கிராம் இருக்க வேண்டும். எனக்கு இருந்தது 10.2. என் பின்னால் நின்ற தோழியர் பலரும் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வந்தனர். கொடுக்க வந்தவர்கள், வாங்கவேண்டியவர்களாக மரத்தடியில் அமர்ந்திருந்தோம்!

"காலையில என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டார் அங்கிருந்த செவிலியர்.

"காப்பி, சிஸ்டர்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். பஸ் ஆறே முக்காலுக்கு."

அவர் சிரிக்கவில்லை. "காப்பியில ரத்தம் ஊறாது, கண்ணு" என்று மட்டும் சொல்லி, அடுத்தவளின் விரலைப் பிடித்தார்.

அந்த ஒரு சொற்றொடர்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. காப்பியைத் தூற்றுவதற்காக எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நானும் குடிப்பவள்தான். காப்பியில் நன்மை உண்டு என்பதையும் மறுக்கப் போவதில்லை. அந்த நன்மை யாருக்கு, எந்தக் காப்பியில், எந்த நேரத்தில் என்பதே என் கேள்வி.

நம் கல்லூரி மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரிகிறது. 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை அந்த மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். மலையில் காப்பி காய்த்ததே தவிர, அடிவாரத்து வீடுகளுக்குள் அது நுழைய நெடுங்காலம் ஆயிற்று. என் ஆயாவின் இளமையில் காலை உணவு என்றால் நீராகாரமும் பழைய சோறும், இல்லையேல் கம்பங்கூழும்தான். காய்ச்சல்காரனுக்கு மட்டும் காப்பி வாங்கித் தருவார்களாம்! காப்பி நம் வீட்டுக்குள் வந்தபோது எழுந்த அச்சங்களையும் ஆசைகளையும் அறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி, 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் சுவைபட எழுதியிருக்கிறார். விருந்தாளியாக வந்த காப்பி, வீட்டுக்காரரான நீராகாரத்தின் பலகையில் அமர்ந்துகொண்டது. விருந்தாளி நல்லவரா என்று ஆராயும் நாம், எழுந்துபோனவரைப் பற்றிக் கேட்பதே இல்லை.

வேதியியல் மாணவிக்குக் காப்பியில் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. 1819ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே, ருங்கே என்ற இளம் வேதியியலாரின் ஆய்வைக் கண்டு வியந்து, அவர் கையில் ஒரு பிடி காப்பிக் கொட்டையைக் கொடுத்து, இதை ஆராய்ந்து பாரும் என்றார். அந்தக் கொட்டையிலிருந்துதான் காஃபீன் பிரித்தெடுக்கப்பட்டது. கவிஞர் பரிசளித்தால் பொன்னாடை என்றே எண்ணியிருந்த நமக்கு இது புதுமைதான்! பின்னர் 1895இல் எமில் ஃபிஷர் அதனை ஆய்வகத்திலேயே தொகுத்துக் காட்டினார். 1902இல் அவர் நோபல் பரிசு பெற்றதற்கு, காஃபீனை உள்ளிட்ட பியூரின் சேர்மங்களைப் பற்றிய அவருடைய பணியும் ஒரு காரணம்.

காஃபீன் நமக்கு வலிமை தருகிறதா? இல்லை என்பதே உண்மை. நாம் விழித்திருக்க விழித்திருக்க, மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் சென்று அமர்ந்தால் களைப்பும் தூக்கமும் தோன்றும். காஃபீன் மூலக்கூறு வடிவில் அதை ஒத்திருப்பதால், அந்த இருக்கையில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல! களைப்பு போய்விடவில்லை, அது வந்த செய்திதான் நமக்கு எட்டவில்லை. குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. தேர்வுக்காக இரவு எட்டு மணிக்கு மூன்று டம்ளர் குடித்துவிட்டு, ஒரு மணிக்குப் படுத்தும் தூக்கம் வரவில்லையே என்று புரளும் விடுதி நண்பர்கள் இந்தக் கணக்கைக் கவனிப்பார்களாக.

ஆனால் இக்காலத்து ஆய்வுகள் புகழ்வது காஃபீனை மட்டும் அன்று. காப்பியில் குளோரோஜெனிக் அமிலங்கள் என்னும் பாலிபீனால்கள் நிறைந்திருக்கின்றன. வறுக்கும்போது டிரைகோனெல்லின் என்ற பொருளின் ஒரு பகுதி நயாசின் வைட்டமினாகவே மாறுகிறது. காஃபீன் நீக்கிய காப்பியைக் குடிப்போரிடமும் நீரிழிவு குறைவாகக் காணப்படுவதால், நன்மை இந்தப் பிற பொருள்களிலிருந்தும் வருகிறது என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

அந்த ஆய்வுகள்தாம் என்ன சொல்கின்றன? 2002இல் நெதர்லாந்தில் 17,111 பேரைப் பற்றிய ஆய்வு வெளியாயிற்று. நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்குக் குறைவாகவோ குடித்தவர்களைவிட, ஏழு கோப்பைக்கு மேல் குடித்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வந்தது பாதியளவே. 2017இல் இருநூறுக்கும் மேற்பட்ட தொகுப்பாய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆங்கில நாட்டு ஆய்வாளர்கள், நாளுக்கு மூன்று நான்கு கோப்பை குடிப்போரிடமே நன்மை மிகுதி என்று கண்டனர். ஈரல் நோய்களில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1991இல் காப்பியைச் 'சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம்' என்ற பட்டியலில் வைத்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமே, 2016இல் அந்தப் பழியிலிருந்து அதை விடுவித்தது. அப்போது அந்நிறுவனம் விரல் நீட்டிய வேறொன்று உண்டு: 65 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக் குழாய்க்குத் தீங்காகலாம் என்றது. டபராவில் ஊற்றி ஆற்றிக் குடிக்கும் நம் பழக்கத்தை நாகரிகமற்றது என்று நகைத்தவர்கள் இதை அறிவது நல்லது!

இவ்வளவையும் படித்தவுடன் ஒரு டம்ளர் கூடுதலாகக் குடிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 2012இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தபோதுதான் எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். 50 முதல் 71 வயது வரையிலான ஏறத்தாழ 4 இலட்சம் பேரை 1995 முதல் 2008 வரை தொடர்ந்து கவனித்தனர். முதலில் கிடைத்த விடை என்ன தெரியுமா? காப்பி குடிப்போரே மிகுதியாக இறந்தனர்! ஏன்? காப்பி குடிப்போரிடையே புகைபிடிப்போர் மிகுதி. புகையின் குற்றத்தைக் கணக்கிலிருந்து கழித்த பிறகு விடை தலைகீழாயிற்று. ஆறு கோப்பைக்கு மேல் குடித்த ஆண்களில் இறப்பு, குடிக்காதவரைவிட 10 விழுக்காடும், பெண்களில் 15 விழுக்காடும் குறைவாக இருந்தது.

ஒரே கூட்டம், ஒரே காப்பி. ஒரு காரணத்தைச் சேர்த்ததும் நஞ்சு அமுதமாகிவிட்டது. அப்படியானால் கணக்கில் சேர்க்கப்படாத காரணங்கள் இன்னும் இருக்கலாம் அன்றோ? உடல்நலம் கெட்டவர் காப்பியைத் தாமே நிறுத்திவிடுவார். எஞ்சியிருக்கும் காப்பிக் கூட்டம் இயல்பாகவே நலமுள்ளவர் கூட்டமாகத் தோன்றும். 'காப்பி குடிப்பவர் நெடுநாள் வாழ்கிறார்' என்பதும், 'காப்பியால் நெடுநாள் வாழ்கிறார்' என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை ஆய்வாளர்கள் தம் கட்டுரையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். கைப்பேசிச் செய்தியில்தான் அந்த வரி காணாமற்போகிறது.

சரி, நன்மை உண்மை என்றே கொள்வோம். அது அவர்களுடைய கோப்பையின் நன்மை. நம் டம்ளரில் இருப்பது என்ன? நம் நாட்டுச் சட்டப்படி காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. அதாவது 49 பங்கு வரை சிக்கரி இருக்கலாம். சிக்கரி நஞ்சன்று, ஒரு செடியின் வறுத்த வேர். ஆனால் அதில் காஃபீன் கிடையாது, அந்த ஆய்வுகளில் அதற்கு இடமும் கிடையாது. பாதி சிக்கரி குடித்துவிட்டு முழுக் காப்பியின் ஆயுளை எதிர்பார்ப்பது எப்படி? அடுத்தது சர்க்கரை. 2022இல் வெளிவந்த ஓர் ஆங்கில நாட்டு ஆய்வில், சர்க்கரையிட்டுக் குடித்தவர்களிடமும் நன்மை காணப்பட்டது. ஆனால் அவர்கள் இட்டது கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி அளவே. நம் தேநீர்க்கடையில் இரண்டு கரண்டி என்பது குறைந்த அளவு. நாளுக்கு நான்கு டம்ளர் என்றால் எட்டுக் கரண்டி, ஏறத்தாழ 40 கிராம். நாளுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக நல நிறுவனம். நீரிழிவைத் தடுக்கக் காப்பி குடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே நீரிழிவுக்குக் கரண்டி கரண்டியாக ஊட்டுகிறோம்!

இனி அந்தச் செவிலியரின் சொல்லுக்கு வருகிறேன். நம் ஆய்வகத்தில் பீனால் கரைசலில் ஓரிரு சொட்டு ஃபெரிக் குளோரைடு விட்டால் ஊதா நிறம் தோன்றுவதை முதலாண்டிலேயே செய்து பார்த்திருக்கிறோம். பீனாலுக்கும் இரும்புக்கும் உள்ள அந்த நட்பு வயிற்றிலும் தொடர்கிறது. காப்பியின் பாலிபீனால்கள் உணவிலுள்ள இரும்பைப் பற்றிக்கொள்ள, குடல் அதை ஏற்க முடியாமல் போகிறது. 1983இல் இதை அளந்து பார்த்தார்கள். உணவோடு ஒரு கோப்பை காப்பி குடித்தபோது இரும்பு உட்கொள்ளப்படுவது 39 விழுக்காடு குறைந்தது. தேநீரில் 64 விழுக்காடு. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பே காப்பியைக் குடித்துவிட்டால் குறைவே இல்லை. ஆனால் உணவு முடிந்து ஒரு மணி கழித்துக் குடித்தாலும், உணவோடு குடித்ததைப் போலவே இழப்பு!

நாம் என்ன செய்கிறோம்? 'டிபன் காப்பி' என்று ஒரே மூச்சில், ஒரே சொல்லாகச் சொல்கிறோம். இட்லியின் கடைசி விள்ளல் தொண்டையில் இறங்குமுன் டம்ளர் கைக்கு வந்துவிடுகிறது. கீரையிலும் கேழ்வரகிலும் பயற்றிலும் உள்ள இரும்பு, இறைச்சியில் உள்ளதைப்போல் எளிதில் உடலில் சேர்வதில்லை. அந்தச் சிறிதளவையும் காப்பி பிடித்துக்கொள்கிறது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் குருதிச் சோகை. அந்த முகாமில் திருப்பி அனுப்பப்பட்ட நாங்கள் அந்தப் பாதியின் சிறு துளி.

சோகைக்குக் காப்பிதான் காரணம் என்று பழி போடமாட்டேன். அது நியாயமாகாது. போதிய உணவின்மை, மாதவிடாய், வயிற்றுப்புழு எனக் காரணங்கள் பல. காப்பியின் குற்றம் வேறு: அது பசியை மறைக்கிறது. சூடான பாலும் சர்க்கரையும் காஃபீனும் சேர்ந்து, சாப்பிட்டுவிட்டோம் என்ற பொய்யை வயிற்றுக்குச் சொல்கின்றன. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளுக்கு அந்தப் பொய் வசதியாக இருக்கிறது. மாத இறுதியில் குடும்பத்துக்கும் வசதியாக இருக்கிறது; ஒரு டம்ளர் காப்பி ஒரு வேளை உணவைவிட மலிவு. ஆயுள் நீளும் என்ற செய்தி இப்போது அந்தப் பொய்க்கு அறிவியல் சான்றிதழும் வாங்கித் தந்துவிட்டது. நன்றாக உண்டு கொழுத்த நாட்டில், வயிறு நிறைந்தவர் உணவுக்குப்பின் குடித்த காப்பியின் கணக்கை, வெறும் வயிற்றோடு வகுப்பில் அமர்ந்திருப்பவளுக்குச் சொல்வது என்ன நீதி? இதுதான் என் வழக்கு.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளுக்கு 300 மில்லிகிராம் காஃபீனைத் தாண்ட வேண்டாம் என்றும், உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது காப்பியும் தேநீரும் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. 150 மில்லிலிட்டர் வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன் இருக்கும் என்பது அவர்கள் தரும் கணக்கு. அதாவது நாளுக்கு இரண்டு மூன்று டம்ளர். கருவுற்ற பெண்களுக்கு இன்னும் குறைவாகவே இருக்க வேண்டும். அவர்கள் மருத்துவரைக் கேட்பதே முறை.

அப்படியானால் எப்போதுதான் குடிப்பது? எனக்குத் தெரிந்த நல்ல நேரம் நம் கல்லூரியின் பதினொரு மணி இடைவேளை. எட்டரை மணிக்குள் ஏதேனும் உண்டிருந்தால் அது செரித்திருக்கும். மதிய உணவுக்கும் இரண்டு மணி நேரம் இருக்கும். ஆனால் எட்டரை மணிக்கு எதை உண்பது? நம் சிற்றுண்டிச்சாலையில் அந்நேரத்தில் காப்பியும் தேநீரும் பிஸ்கட்டும்தான் கிடைக்கின்றன. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமாவும் பொங்கலும் தந்தது. என் தம்பி அதில் சாப்பிட்டான். ஆறே முக்கால் பஸ்ஸில் வரும் அக்காவுக்கு வயிறு இல்லையா என்று அவன் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அரசைக் கேட்கும் முன், முதல்வர் ஐயாவையும் பேராசிரியப் பெருமக்களையும் கேட்கிறேன். சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தத்தில், காலை எட்டு மணி முதல் சுண்டலோ கேழ்வரகுக் கூழோ, பாசிப்பயற்றுக் கஞ்சியோ, காப்பியின் விலையிலேயே விற்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? ஆண்டு விழா மலரில் எழுதினால் நடக்குமா என்று தோழிகள் சிரிக்கிறார்கள். எழுதாமலும் நடக்கவில்லையே!

என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அம்மா விசைத்தறிக் கூடத்துக்குப் போகிறார். எல்லோரையும் சாப்பிட வைத்து அனுப்பிவிட்டு, தான் காப்பியோடு கிளம்பிவிடுவார். முகாமிலிருந்து வந்த மறுவாரம் அவரை அழைத்துப்போய்ப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.6. மாத்திரை எழுதித் தந்தார்கள். அதையும் காப்பியோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தார்!

"அம்மா, காப்பியோட மாத்திரை போட்டா அது ஒட்டாதும்மா" என்றேன்.

"இருக்கிறது இந்த ஒரு டம்ளர் காப்பிதான். அதையும் பறிச்சுக்கப் போறியா?" என்றார்.

பறிக்கவில்லை, நேரத்தைத்தான் மாற்றினோம். இப்போது தூக்குப்போசியில் கம்பங்கூழும் ஒரு நெல்லிக்காயும் போகின்றன. மாத்திரை, கூழ் குடித்த கையோடு. பதினொரு மணிக்குத் தறி நிற்கும்போது காப்பி. சர்க்கரை ஒரு கரண்டி. முதல் வாரம் தலைவலி என்று என்னைத் திட்டித் தீர்த்தார்.

இந்த ஆண்டு முகாமிலும் வரிசையில் நின்றேன். அதே செவிலியர். 11.9. "இன்னும் கொஞ்சம்தான், அடுத்த தடவை வா" என்றார். அம்மாவுக்கு இப்போது 10.4. காப்பியை இருவரும் இன்னும் விடவில்லை.